பேய்க்கு முகவரி உண்டு

1

சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டை ஒட்டி 1980களின் தொடக்கத்தில் ஒரு வாடகைக் கடை இருந்தது. சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும், புத்தகமும் கிடைக்கும். சைக்கிளுக்கு மணிக்கணக்கு, புத்தகத்துக்கு நாள்கணக்கு. அங்கே அதிகம் கைமாறியவை பேய் நாவல்கள். அதிலும் பி.டி.சாமி பெயர் போட்டது என்றால் வரிசையில் நிற்க வேண்டும். அட்டை எப்போதோ போய்விட்டிருக்கும். அந்த இடத்தில் பழைய காலண்டர் தாளை ஒட்டி, மேலே பேனாவால் கதையின் பெயரை மட்டும் எழுதியிருப்பார் கடைக்காரர். கடைசி ஃபாரம் இருந்தால் அது நம் அதிர்ஷ்டம்.

எங்கள் வீட்டில் ரெண்டு தறி. விளக்கு வைத்த பிறகு தறி நின்றுவிடும். மறுநாளைக்குத் தார் சுற்றுகிற வேலை மட்டும் நடக்கும். ஆயாவும் பெரியம்மாவும் ராட்டையில் உட்கார, நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். ஒரு நாள் கதை முடிகிற இடத்தில் தாள் இல்லை.

"அப்புறம் என்னாடா ஆச்சி?" என்றாள் ஆயா.

"கடைசிப் பக்கம் கிழிஞ்சி போச்சி ஆயா."

"கிழிஞ்சா என்னா, நான் சொல்றன் கேளு."

சொன்னாள். நாவலில் பேய் ஏதோ ஒரு பங்களாவில் இருந்தது. எந்த ஊர்ப் பங்களா என்று எழுதியவர் சொல்லவில்லை. எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ள அட்டையும் இல்லை. ஆயா அந்தப் பேயை எங்கள் ஏரிக்கரைப் புளிய மரத்துக்குக் கொண்டுவந்தாள். அதற்கு ஒரு பெயர் வைத்தாள். எந்த ஊரில் பிறந்தது, எந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்டது, மாமியார் எப்படிப்பட்டவள், எந்த மாசம் கயிற்றில் தொங்கியது என்று வரிசையாகச் சொன்னாள். பெரியம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, "இது அந்த மேலத்தெரு வூட்டுப் பொண்ணு கதையாச்சே" என்றாள். ஆயா அவளைப் பார்த்து "உஷ்" என்றாள். கதை அந்த இடத்தில் முடிந்துபோனது.

பழைய நினைவில் சொக்கிப்போய் இதை எழுதவில்லை. சென்னைப் புத்தகக் கடையொன்றில் ப்ளாஃப்ட் பதிப்பகத்தின் தமிழ் பல்ப் தொகுப்பைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து வைத்துவிட்டு, மறுபடி எடுத்த அன்றைக்கு இந்த "உஷ்" தான் ஞாபகத்துக்கு வந்தது. கிழிந்துபோகிற பேய்க்கதை, கிழியாமல் பாதுகாக்கப்படும் பேய்க்கதையாக மாறும்போது அதிலிருந்து எது தங்குகிறது, எது உதிர்கிறது என்ற கேள்வியைத்தான் இக்கட்டுரை கேட்க விரும்புகிறது.

2

ப்ளாஃப்ட் சென்னையிலிருந்து இயங்கும் ஒரு சிறு பதிப்பகம். கலிஃபோர்னியாவில் வளர்ந்து சென்னைக்கு வந்த ராகேஷ் கன்னா, ரஷ்மி ரூத் தேவதாசன், காவேரி லால்சந்த் ஆகியோர் தொடங்கியது. 2008இல் முதல் புத்தகங்கள் வெளிவந்தன. பெரிய நிறுவனங்களின் பின்பலம் கிடையாது. பட்டியலும் நீளமானதல்ல. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு பிடிவாதம் தெரிகிறது. விநோதமானது, மலிவானது, பயங்கரமானது, கௌரவமான வரவேற்பறையில் வைக்கக் கூசுவது எதுவோ அதையே தேடிப் போயிருக்கிறார்கள்.

முதல் வருடமே வந்தது தமிழ் பல்ப் தொகுப்பு. பிரீத்தம் கே. சக்கரவர்த்தி மொழிபெயர்க்க, கன்னா பதிப்பித்தது. பத்து எழுத்தாளர்களின் பதினேழு கதைகள். சுபா, ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன், புஷ்பா தங்கதுரை, தமிழ்வாணன், ரமணிசந்திரன் என்று நம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளின் முழு அரசவையும் அதில் கூடியிருந்தது. பிறகு இரண்டாம், மூன்றாம் தொகுதிகளும் வந்தன. அதே 2008இல் சாரு நிவேதிதாவின் 'ஸீரோ டிகிரி' ஆங்கிலத்தில் வந்தது. குழலி மாணிக்கவேல் ஆங்கிலத்தில் எழுதிய, பூச்சிகளும் பிணங்களும் சிறுநகரத்துச் சலிப்பும் கலந்த விசித்திரச் சிறுகதைகள் வந்தன. கி. ராஜநாராயணன் சேகரித்த நாட்டார் கதைகள் வந்தன. உருதுத் துப்பறியும் நாவலாசிரியர் இப்னே ஸஃபியை ஷம்ஸுர் ரஹ்மான் ஃபாரூக்கி போன்ற ஒரு பேரறிஞரின் மொழிபெயர்ப்பில் கொண்டுவந்தார்கள். ஃபாரூக்கி உருதுச் செவ்வியல் கவிதையின் மிகப்பெரிய விமர்சகர். அவர் துப்பறியும் நாவலை மொழிபெயர்க்க உட்கார்ந்தார் என்பதை நம் தமிழ் விமர்சகர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

தமிழ்த் தொகுப்பில் கதைகளை மட்டும் போட்டு விட்டுவிடவில்லை. அந்தப் பழைய அட்டைப் படங்களையும் அச்சிட்டார்கள். எழுத்தாளர்கள் சிலரிடம் கேள்வி கேட்டுப் பதில்களையும் சேர்த்தார்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அறுபது வருஷமாகத் தமிழில் சிறுபத்திரிகைகள் வந்துகொண்டிருக்கின்றன. எத்தனை பத்திரிகைகள் ஒரு ராஜேஷ்குமாரிடமோ ஒரு புஷ்பா தங்கதுரையிடமோ நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள், எவ்வளவு வேகத்தில் எழுதுகிறீர்கள், யார் உங்களைப் படிக்கிறார்கள் என்று மரியாதையோடு கேட்டன? எனக்குத் தெரிந்து கேட்டதைவிடக் கேலி செய்ததுதான் அதிகம்.

3

இவ்விடத்தில் நம் பக்கத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நவீனத் தமிழ் இலக்கியம் பேயை அறியாததல்ல. புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யை எழுதியது 1943இல். 'செவ்வாய் தோஷம்', 'பிரம்ம ராக்ஷஸ்', 'வேதாளம் சொன்ன கதை', 'கபாடபுரம்' என்று அவருடைய எழுத்தில் பாதி இருட்டு இந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். நம் விமர்சனம் இவற்றை என்ன செய்தது? பேயை உருவகம் என்றது. நனவிலி என்றது. குறியீடு என்றது. 1990களில் கோட்பாட்டுச் சொற்கள் வந்து குவிந்தபோது அதே பேயை 'மற்றமை' என்றோம். பெயர் மாறியதே தவிர வேலை ஒன்றுதான். பேயைப் பேயாக இருக்க விடாமல் ஒரு கருத்தாக மாற்றி, அந்தத் தகுதியின்பேரில் உள்ளே அனுமதித்தோம். கருத்தாக மாற மறுத்த பேய்களை வணிக எழுத்து என்று சொல்லி வெளியே நிறுத்தினோம்.

இந்த எல்லைக்கோடு எவ்வளவு செயற்கையானது என்பதற்கு எங்கள் பக்கத்து ஊரே சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் தமிழில் மர்ம நாவல் படித்தவர்களுக்கு ஆரணி என்பது பட்டுப் புடவையின் பெயர் மட்டுமல்ல. ஆரணி குப்புசாமி முதலியாரின் பெயரோடு ஒட்டி அட்டைதோறும் அச்சான ஊர் அது. 'ஆனந்தபோதினி'யின் ஆசிரியராக இருந்தவர். ரெய்னால்ட்ஸ் முதலான ஐரோப்பிய மர்ம எழுத்தாளர்களைத் தழுவி எழுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தவர். 'இரத்தினபுரி இரகசியம்' அவற்றுள் பேர்பெற்றது. ரகசிய அறைகளும் செத்துப் பிழைப்பவர்களும் மாறுவேடங்களும் நிறைந்த அந்த உலகத்தில்தான் தமிழர்களில் பெரும் பகுதியினர் வாய்விட்டுப் படிப்பதிலிருந்து மௌனமாகப் படிப்பதற்குப் பழகிக்கொண்டார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்ற நூலில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 'முச்சந்தி இலக்கியம்' (2004) நூலில் குஜிலிப் பதிப்புகளையும் அவர் மீட்டுத் தந்திருக்கிறார். வரலாற்றாசிரியன் போன இடத்துக்கு இலக்கிய விமர்சகன் போகவில்லை.

ஆரணியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில் ஒரு நாள் பக்கத்து இருக்கைக்காரரிடம், படித்தவர், ஆசிரியர், குப்புசாமி முதலியாரைத் தெரியுமா என்று கேட்டேன். "எந்தக் கடை? பட்டு சொசைட்டி பக்கமா?" என்றார். சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தன் ஊரைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு எழுதிய ஒருத்தரை, அந்த ஊர் ஜவுளிக் கடையாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பொறுப்பு அந்த ஆசிரியருடையதா, நம்முடையதா?

4

ஆக, வெற்றிடம் இருந்தது. ப்ளாஃப்ட் அதில் நுழைந்தது. இனி கேட்க வேண்டிய கேள்வி: நுழைந்து என்ன செய்தது?

மலிவுத்தாள் எழுத்து சேகரிப்புப் பொருளாக மாறுவது உலகத்தில் முதல்முறை நடப்பதல்ல. லவ்கிராஃப்ட் 1937இல் சாகும்போது அவருக்கென்று ஒரு முறையான கதைத் தொகுப்பு கிடையாது. 'வியர்ட் டேல்ஸ்' மாதிரியான மலிவுப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தார். ஆகஸ்ட் டெர்லத்தும் டொனால்ட் வான்ட்ரேயும் வேறு பதிப்பகம் கிடைக்காமல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில், சாக் சிட்டி என்ற சின்ன ஊரில், 1939இல் தாங்களே ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். முதல் புத்தகம் 1,268 பிரதிகள். விலை ஐந்து டாலர். அதை விற்று முடிக்க வருஷக்கணக்கில் ஆனது. இன்றைக்கு அதில் ஒரு பிரதி ஆயிரக்கணக்கான டாலர். இங்கிலாந்தில் 1990இல் தொடங்கிய டார்டாரஸ் பதிப்பகம் இதை ஒரு முறையாகவே ஆக்கிக்கொண்டது. சில நூறு பிரதிகள், தைத்துக் கட்டிய கனத்த அட்டை, தரமான தாள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அமானுஷ்யக் கதையும் அரிதான பதிப்பும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கிற ஏற்பாடு இது.

வால்டர் பெஞ்சமின் சேகரிப்பாளனைப் பற்றி எழுதும்போது, அவன் பொருட்களைப் பயன்பாட்டின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறான் என்ற பொருளில் பேசுகிறார். அழகான யோசனைதான். ஆனால் பேய்க்கதையின் பயன்பாடு என்ன? பயம். வாடகைக் கடையில் நாங்கள் அதற்குத்தான் காசு கொடுத்தோம். புத்தகம் பயன்பாட்டிலிருந்து விடுதலை பெறும்போது பயமும் அதோடு விடைபெறுகிறது. அந்த இடத்தில் ரசனை வந்து உட்கார்கிறது. அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தியைப் பார்த்து நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். புதிய வாசகர் அதே அட்டையைப் பார்த்து, எவ்வளவு வேடிக்கையான வண்ணங்கள் என்கிறார். அவர் தவறு செய்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் வேறு வேறு வாசிப்புகள், வேறு வேறு வர்க்கங்களின் வாசிப்புகள் என்று மட்டும் சொல்கிறேன். முதல் வாசகருக்கு இரண்டாம் வாசகரின் புத்தகத்தைப் படிக்க ஆங்கிலம் தெரியாது.

தமிழிலேயே சேகரிப்புச் சந்தை இல்லையா என்றால், இருக்கிறது. சிவகாசியிலிருந்து லயன், முத்து வரிசையில் வந்த சித்திரக்கதைகளுக்கு விசுவாசமான ஒரு கூட்டம் இன்றும் உண்டு. 1980களில் அதே இடத்திலிருந்து வந்த 'திகில் காமிக்ஸ்' பழைய இதழ் ஒன்று கையில் கிடைத்தால் விடமாட்டார்கள். ஆனால் அந்தத் திகில் பெரும்பாலும் வெளிநாட்டுச் சித்திரக்கதைகளின் தமிழாக்கம். அங்கே பேய் தமிழ் பேசும், அதன் கல்லறை இங்கிலாந்தில் இருக்கும். அந்தப் பேய்க்கு நாங்களும் பயந்தோம். ஆனால் லூர்து மாதா கோவில் மணி அடித்ததும் அந்தப் பயம் போய்விடும். ஏரிக்கரைப் பயம் போகாது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல்ப் என்ற சொல்லுக்கு நம்ம ஊரில் சரியான சொல் சாணித்தாள். மரக்கூழில் இருக்கிற லிக்னின் வெயிலும் காற்றும் பட்டுப் பழுப்பாகி, அமிலம் தாளையே தின்றுவிடும். நாற்பது வருஷத்தில் மடித்த இடத்தில் ஒடியும். சாணித்தாள் புத்தகம் என்பது தானே அழிந்துபோகும்படி செய்யப்பட்ட பொருள். யாராவது எடுத்து வைக்காவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. கோட்டையூர் ரோஜா முத்தையா வெகுஜனப் பிரசுரங்களையும் விடாமல் சேர்த்ததால்தான், அவர் மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் அந்தப் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஆகவே 'மக்கள் புத்தகத்தைப் பண்டமாக்கிவிட்டார்கள்' என்று இடதுசாரிக் குரலில் ஒரு வசனம் பேசிவிட்டு நகர்ந்துவிட முடியாது. வாடகைக் கடையில் அது பண்டமாகத்தான் இருந்தது. என்ன, மலிவான பண்டம். சேகரிப்பாளன் இல்லையென்றால் இன்றைக்குக் கோபப்படுவதற்குக்கூட நம்மிடம் புத்தகம் இருக்காது.

5

அப்படியானால் என் சங்கடம்தான் என்ன? அதைச் சொல்ல தோதரோவிடம் போய்விட்டு மேல்மலையனூருக்கு வர வேண்டும்.

அமானுஷ்யப் புனைவைப் பற்றி 1970இல் எழுதிய புத்தகத்தில் தோதரோவ் அதன் இலக்கணத்தைத் தயக்கத்தில் காண்கிறார். நடந்தது நிஜமா, மனப்பிரமையா என்று பாத்திரமும் வாசகனும் முடிவு செய்ய முடியாமல் நிற்கிற அந்த நேரம்தான் அமானுஷ்யம். முடிவு செய்துவிட்டால் கதை வேறு வகையாகிவிடும். ஐரோப்பிய அறிவொளிக்குப் பிறகான பேய்க்கதைக்கு இது பொருந்தும். தமிழில் இந்திரா சௌந்தர்ராஜனுக்கு ஓரளவு பொருந்தும். 'மர்ம தேசம்' தொடரின் 'விடாது கருப்பு' காவல் தெய்வமா, மனநோயா என்ற ஊசலாட்டத்திலேயே வாரக்கணக்கில் தமிழ்நாட்டை உட்கார வைத்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் பேயைப் பற்றிய முதல் கேள்வி உண்டா இல்லையா என்பதல்ல. சேத்துப்பட்டிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவில். அமாவாசை ராத்திரியில் பேய் பிடித்தவர்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே கேட்கப்படுவது, "யாரு நீ? எந்த ஊரு? எப்பிடி செத்த? என்னா வோணும்?" என்பது. பெயர், ஊர், சாவு, குறை. பேய் பதில் சொல்லும்வரை உடுக்கை நிற்காது. இந்த வட்டாரத்தில் களஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் நபகோவ், தமிழ்ச் சடங்குகளைப் பற்றி 2000இல் வந்த தம் நூலில் இந்த விசாரணை முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பிடிபடுவது பெரும்பாலும் இளம் மனைவிமார்கள். பிடிப்பது பெரும்பாலும் ஆசை தீராமல் அகாலத்தில் செத்த இளைஞர்கள். பெயர் சொன்ன பிறகு உச்சிமுடியை எடுத்து மரத்தில் ஆணி அடிக்கிறார்கள். புருஷன் வீட்டில் பிழைக்க முடியாத பெண்ணை மறுபடி அந்த வீட்டுக்கே அனுப்பி வைக்கும் காரியத்தைத்தான் சடங்கு செய்கிறது என்பதையும் அவர் கவனிக்கிறார்.

சவுக்கும் வேப்பிலையும் எந்த உடம்பின்மேல் விழுந்தன என்பதைப் பார்த்தால், பேய் இல்லை என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பகுத்தறிவுக்காரர்களின் நியாயம் விளங்கும். நான் அவர்கள் கட்சிதான். ஆனால் பேய் இல்லை என்று நிரூபித்த கையோடு, பேய் சொன்ன புகாரையும் தள்ளுபடி செய்துவிட்டோம். 'எப்பிடி செத்த?' என்ற கேள்விக்கு வந்த பதில்களை யாரும் எழுதிவைக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பதிவாகாத சாவுகள் சிலது புளிய மரத்தில்தான் பதிவாகியிருந்தன.

என் வாதம் இதுதான். தமிழில் பேய்க்கதை என்பது அடிப்படையில் ஒரு விசாரணை வடிவம். பழையனூர் நீலியிலிருந்து ஆயாவின் ஏரிக்கரைப் பெண்வரை அதற்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, தீராத ஒரு வழக்கு உண்டு. முகவரிதான் அதன் உயிர். முகவரி போய்விட்டால் மிஞ்சுவது வெறும் வெள்ளைப் புடவை.

6

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ப்ளாஃப்டின் பாதையைப் பார்க்கலாம்.

பல்ப் தொகுப்புகள் முகவரியை மதித்தன. பேயின் முகவரியை அல்ல, பேய்க்கதையின் முகவரியை. யார் எழுதினார், எப்படிப்பட்ட அட்டையோடு வந்தது என்ற விவரங்களோடு வந்தன. கதைத் தேர்விலும் சில இடங்களில் பழைய விசாரணை தொடர்கிறது. இரண்டாம் தொகுதியில் இடம்பெற்ற இந்திரா சௌந்தர்ராஜனின் 'கோட்டைப்புரத்து வீடு' ஜமீன் குடும்பத்து ஆண் வாரிசுகள் முப்பதைத் தாண்டாமல் சாவதைப் பற்றியது. பின்னால் இருப்பது அநீதி இழைக்கப்பட்ட ஒரு பெண்ணின் சாபம். மர்மத்தை அவிழ்ப்பது என்றால் அந்த அநீதியைத் தோண்டி எடுப்பது. மொழி மாறியும் இது பிழைத்திருக்கிறது.

2020ஐ ஒட்டி வந்த 'கோஸ்ட்ஸ், மான்ஸ்டர்ஸ் அண்ட் டீமன்ஸ் ஆஃப் இந்தியா' வேறு வகை. ராகேஷ் கன்னாவும் ஜே. ஃபர்சிஃபர் பைரவும் சேர்ந்து செய்த கலைக்களஞ்சியம். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை பேய், பூதம், மோகினி, ரத்தக்காட்டேரி எல்லாம் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உழைப்பு அசாதாரணமானது. இரவில் புரட்டினால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் அகர வரிசை ஒரு வேலை செய்கிறது. அது பேயை இனமாக்குகிறது. பறவைகளைப் பற்றிய கையேட்டில் மாதிரி: தோற்றம், உறைவிடம், பழக்கம், எதற்குப் பயப்படும். எந்த வட்டாரத்து நம்பிக்கை என்று புத்தகம் சொல்லத்தான் செய்கிறது. வட்டாரம் வேறு, முகவரி வேறு. மோகினி என்ற இனத்துக்குக் குணங்கள் உண்டு. மேலத்தெரு வீட்டுப் பெண்ணுக்கு மாமியார் உண்டு. முதலாவது உலகம் முழுக்கப் பயணம் போகும். இரண்டாவது ஏரிக்கரையைத் தாண்டாது. சேகரிக்கத்தக்கது எது என்று சந்தை கேட்கும்போது இனம்தான் ஜெயிக்கிறது.

காலனிய அதிகாரிகள் நம் சாதிகளை அகர வரிசையில் அடுக்கிய தொகுதிகளை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. நோக்கம் முற்றிலும் வேறு என்று தெரியும். வடிவத்துக்கும் ஒரு ஞாபகசக்தி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் இந்தப் பதிப்பகம் அங்கேயே நின்றுவிடவில்லை. 2024இல் 'த ப்ளாஃப்ட் புக் ஆஃப் ஆன்டி-காஸ்ட் எஸ்எஃப்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ஆர்.டி. சாமுவேல், கன்னா, ரஷ்மி ஆகியோர் பதிப்பித்தது. சாதியை எதிர்த்து எழுதப்பட்ட விநோதப் புனைவுகளின் தொகுப்பு. என்னைப் பொறுத்தவரை பேயோட்டியின் நாலாவது கேள்விக்கு, 'என்னா வோணும்?' என்ற கேள்விக்கு, இந்தத் தொகுப்பில்தான் பதிப்பகம் திரும்பி வந்திருக்கிறது. இங்கே விநோதம் ஒரு ரசனைப் பொருள் அல்ல. நடப்பு உலகத்தில் தீர்க்க முடியாத வழக்கை வேறொரு உலகத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வழி. மதுரைவீரனும் காத்தவராயனும் கொல்லப்பட்டுத் தெய்வமான கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வழி புதிதல்ல.

இங்கே ஆயாவின் "உஷ்"ஷுக்குத் திரும்ப வேண்டும். பல வருஷம் அதை நான் ஒரு கதைசொல்லியின் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன். அப்படியல்ல. ஆயாவின் பேய்களுக்குப் பெயரும் தெருவும் இருந்தன. சாதி மட்டும் சொல்லப்படாமலே தெரியும்படி இருந்தது. தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதானே. ஊர்ப் பெண் செத்தால் அவள் பெயரை அடக்கி வாசிக்க வேண்டும், குடும்ப மானம். சேரி ஆள் செத்துப் பேயானால் அவன் பெயரையே ஆயா சொன்னதில்லை. 'ராத்திரியில அந்தப் பக்கம் போவாதே' என்பதோடு சரி. ஆகவே என் ஆயாவின் முகவரிப் புத்தகத்திலும் பக்கங்கள் கிழிந்திருந்தன. வாடகைக் கடையில் கிழிந்தது கைபட்டு. இது கிழிக்கப்பட்டது. நாட்டார் மரபு என்றதும் நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அது எந்தப் பேயைப் பேச விடவில்லை என்றும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

7

ஒரு சென்னைப் பதிப்பகம் ஆங்கிலத்தில் இதையெல்லாம் செய்துவிட்டது. தமிழில்? வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு போன்றோர் அல்லயன்ஸ் மறுபதிப்புகளில் கிடைக்கிறார்கள். புதுமைப்பித்தனுக்குச் செம்பதிப்பு வந்தது. பாடபேதம், முதல் வெளியீட்டுத் தேதி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு பி.டி.சாமிக்குச் செலவழிக்க நமக்கு மனம் வருமா? அவர் புதுமைப்பித்தன் ஆகிவிட மாட்டார்; ஆக வேண்டியதும் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதும் ஒரு மொழியின் வரலாறுதான். அந்த வரலாற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் படிக்க வேண்டிய நாள் வந்துவிட்டால் அதற்குப் ப்ளாஃப்டைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது.

தமிழில் அப்படியொரு சிறு பதிப்பகம் வருமானால் நான் அதனிடம் கனத்த அட்டையைக் கேட்க மாட்டேன். முந்நூறு பிரதி போதும், தாள் நாற்பது வருஷம் தாங்கினால் போதும். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் அந்த நாலு கேள்விக்கும் கிடைத்த பதிலைப் போட வேண்டும். யார் எழுதியது. எந்த ஊர் அச்சகம், என்ன விலை. செத்தது யார், எப்படி. என்ன கேட்டது. தெரியாத இடத்தில் தெரியாது என்று போட்டு, கிழிந்த பக்கத்தைக் கிழிந்த பக்கமாகவே விட வேண்டும்.

வாடகைக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. ஏரிக்கரைப் புளிய மரத்தை ரோடு போடும்போது வெட்டிவிட்டார்கள். மேலத்தெரு வீட்டுப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். இதில் எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். அவளுடைய தம்பி குடும்பம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. எழுதவில்லை. ஆயா மாதிரி நானும் "உஷ்" என்றுதான் சொல்கிறேன் போலிருக்கிறது.